துடிப்பைச் சீராக்குவதா, வேகத்தைத் தணிப்பதா?

1785ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் மருத்துவர் வில்லியம் விதரிங் டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி வெளியிட்ட நூல், அதன் இலையைப் பூக்கும் பருவத்தில் பறித்து உலர்த்திப் பொடிக்க வேண்டும் என்றும், குமட்டலோ நாடித் தளர்ச்சியோ கண்டவுடன் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்றும் நுணுக்கமாக வரையறுத்தது. நீர்வீக்கத்துக்கென அவர் கையாண்ட இந்த எளிய இலை இதயத்தின் இயக்கத்தையே ஆளவல்லது என்பதையும் அவர் கண்டு குறித்தார்.

இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குவதும், அதனால் கீழறைகள் தாறுமாறாகத் துடிப்பதும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும். டிஜிட்டாலிஸ் அந்த நடுக்கத்தை நிறுத்துவதில்லை; கீழறைகளுக்கு இறங்கும் மின்தூண்டல்களை மட்டுப்படுத்தி வேகத்தை மட்டும் தணிக்கிறது. நடுக்கத்தையே போக்கிவிட வேண்டும் என்ற வேட்கை, 1918இல் வால்டர் ஃப்ரை அறிமுகப்படுத்திய குவினிடின் வழியாகவும், 1962இல் பெர்னார்ட் லௌன் கையாண்ட நேர்மின் அதிர்ச்சி வழியாகவும் வளர்ந்தது.

இவ்வேட்கைக்கு முதல் பேரிடி வேறொரு துடிப்புக் கோளாற்றிலிருந்து வந்தது. மாரடைப்புக்குப் பின் கீழறைகளில் எழும் மிகைத்துடிப்புகளை அடக்கிய என்கைனைடு, ஃபிளகைனைடு ஆகிய மருந்துகள் உண்மையில் இறப்பைப் பெருக்கின என்று ‘காஸ்ட்’ ஆய்வு 1989இல் காட்டியபோது, மின்வரைபடம் சீரடைவதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல என்பது மிகக் கொடிய முறையில் தெளிவாயிற்று. அந்நோயாளிகள் நம்பி உட்கொண்ட மாத்திரையே அவர்களுக்குக் கேடாக முடிந்தது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கொண்ட 4,060 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியான ‘அஃபர்ம்’ ஆய்வும், மருந்தால் துடிப்பைச் சீராக்குவது வேகத்தைத் தணிப்பதைவிட ஆயுளைக் கூட்டவில்லை என்று கண்டது; மருத்துவமனைச் சேர்க்கை சீராக்கப்பட்டோரிடமே மிகுந்திருந்ததால் செலவும் அங்கேயே கூடியது. இரு பிரிவுகளிலும் பக்கவாதம் கண்டோருள் பெரும்பாலோர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை நிறுத்தியவர்களாகவோ போதிய அளவில் பெறாதவர்களாகவோ இருந்தனர். பக்கவாத இடரை ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு குறைக்கும் இம்மலிவான மாத்திரையே, அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்பட்டாலும், செலவுக்கு மிகுந்த பயன் தந்த சிகிச்சைகளுள் ஒன்று எனல் வேண்டும்.

1998இல் போர்டோ நகர மருத்துவர் மிஷெல் ஐசகேரின் குழு, நோயைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் எழுகின்றன என்று நிறுவியபின், குழாய் செலுத்தி அவ்விடங்களைச் சுட்டுப் பிரிக்கும் ‘அப்லேஷன்’ பரவியது. தொடக்கச் செலவு மிக்க இம்முறை, 2,204 பேரைக் கொண்ட 2019ஆம் ஆண்டின் ‘கபானா’ ஆய்வில், இறப்பும் பக்கவாதமும் உள்ளிட்ட முதன்மை விளைவுகளில் மருந்தை விஞ்சவில்லை. ஆயினும் படபடப்பும் அயர்வும் தணிந்து நோயாளியின் அன்றாட வாழ்வு மேம்பட்டதை அவ்வாய்வு பதிவு செய்தது.