செய்மதி கண்ட சுனாமி நமக்கு ஏன் தெரியவில்லை?



டிசெம்பர் 26 நெருங்கினால் வகுப்பில் பிள்ளைகள் எங்களிடம் கேட்பார்கள்: "சேர், வானத்துல இவ்வளவு செய்மதி சுத்துதே, சுனாமிய ஒண்டும் காணல்லயா?"

கண்டது. ஒன்றல்ல, இரண்டு. அந்தக் கதையை இந்தப் பிள்ளைகள் பிறக்கும் முன்பிருந்தே சொல்ல வேண்டும்.

1978 ஜூனில் நாசா 'சீசாட்' என்ற செய்மதியை ஏவியது. கடலை ராடரால் ஆராயவென்றே அனுப்பப்பட்டது அது. ராடர் தானே கதிரை அனுப்பித் தானே திரும்பப் பெறுவதால் அதற்கு இருளும் முகிலும் தடையல்ல. சீசாட்டின் ராடர் படங்களில் அலைகள் வரிவரியாகத் தெரிந்தன. அதிலிருந்த இன்னொரு ராடர் நேர் கீழே துடிப்புகளை அனுப்பியது. துடிப்பு திரும்பிவரும் நேரம் கடல் மட்டத்தைச் சொல்லும். கடல் கொந்தளித்திருந்தால் எதிரொலி இழுபட்டு வரும். அதிலிருந்து அலையின் உயரத்தைக் கணிப்பார்கள். மின்கோளாறினால் சீசாட் 105 நாட்களில் செயலிழந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. அமெரிக்காவும் பிரான்ஸும் சேர்ந்து 1992இல் டொபெக்ஸ்-பொசைடனையும் 2001இல் ஜேசன்-1ஐயும் அனுப்பின.

2004ஆம் ஆண்டு அந்த ஞாயிறு காலை, 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின் இவ்விரு செய்மதிகளும் தற்செயலாக இந்து சமுத்திரத்தைக் கடந்தன. நடுக்கடலில் அவை அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர் மட்டுமே. நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். மேலே கப்பல் போனாலும் உணர்ந்திருக்காது. அதே அலை கரையின் ஆழம் குறைந்த நீருக்கு வந்ததும் எழுந்து நின்றது.

அந்த அளவீடு தரைக்கு வந்து, கணித்து முடிக்கப் பல மணித்தியாலங்கள் சென்றன. அதற்குள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நாம் ஜனாஸாக்களைத் தேடிக்கொண்டிருந்தோம். நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் இழந்தோம்.

செய்மதியைக் குறை சொல்ல முடியாது. ஜேசன்-1 ஒரே பாதைக்குத் திரும்பிவர ஏறக்குறைய 10 நாட்கள் எடுத்தது. அது அளக்க வந்தது, காவலுக்கு வந்ததல்ல. அந்த 60 சென்ரிமீற்றர், சுனாமிக் கணிப்பு முறைகளைச் சரிபார்க்கப் பிறகு உதவியது. இன்றும் எச்சரிக்கை பிரதானமாகப் பூமியதிர்ச்சிமானிகளையும், ஆழ்கடல் அழுத்தமானிகளையும், கரையோரக் கடல்மட்டமானிகளையும் நம்பியே இருக்கிறது.

ஆகவே பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவையுங்கள்: கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, திடீரென ஏறினாலோ, எச்சரிக்கை ஒலி கேட்டாலோ, வேடிக்கை பார்க்க நிற்க வேண்டாம். கரையை விட்டு மேட்டுக்கு ஓடுங்கள். பக்கத்து வீட்டையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடுங்கள்.