பள்ளிக்கு வந்த கணிப்பொறி

1984ஆம் ஆண்டு மைய அரசு 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கிச் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கியது. வந்தவை இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி செய்த பி.பி.சி. மைக்ரோ பொறிகள். நினைவகம் 32 கிலோபைட்டுதான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது!

வெளியுலகத் தொடர்பில்லாத பொறிக்குத் திருட்டுப் பயம் ஏது? நான் பள்ளியில் படித்தபோதும் கணிப்பொறி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். பாதுகாப்புப் பாடம் அத்துடன் சரி.

ஆனால் பூட்டின் கதை இன்னும் பழையது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கழகத்தார் 1961இல் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் பலர் ஒரே பொறியைப் பங்கிட்டுக்கொண்டனர். அவரவர் கோப்புகளைக் காக்கவே கடவுச்சொல் ஏற்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குத் தமக்கு அளித்த நேரம் போதவில்லை. துளையட்டை ஒன்றில் வேண்டுகோள் எழுதிப் போட்டார். எல்லோருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்துவிட்டன! பொறி பழுதாகவில்லை. கேட்டதைக் கொடுத்தது, அவ்வளவே.

2020இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவின் கைப்பேசியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான். யாரோ அழைத்து, வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டார். பையனும் பிழையின்றிப் படித்துக் காட்டினான். கணக்கில் பணம் இல்லாததால் தப்பினார்கள்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2022இல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர்கள், ஆசிரியர்களோடு சேர்ந்து, தாய்மார்களுக்கே இணையப் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். எங்கள் தெருப் பையனும் அவன் அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய வகுப்பு அது.