சிலுவையும் பாடும்

கொலைக்கருவி ஒன்று வழிபாட்டுப் பொருளாதல் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. காத்தவராயன் கதைப்பாடலை அறிந்தோர் இதனை உடனே உணர்வர். ஆரியமாலையை விரும்பிய குற்றத்திற்காகக் கழுவேற்றப்பட்ட காத்தவராயன் தெய்வமானான். அவன் உயிரை வாங்கிய கழுமரமும் அவனோடு சேர்ந்து வணக்கம் பெற்றது. அரசு தண்டித்தவனை ஊர் கும்பிடுகிறது. தண்டித்த மரத்துக்கும் பூச்சூட்டுகிறது. மற்றொரு புறம், மதுரையில் சமணர் எண்ணாயிரவர் கழுவேறிய செய்தியைப் பெரியபுராணம் கூறுகிறது. ஆக, கழு என்னும் சொல் தமிழன் காதில் அச்சத்தையும் இழிவையும் ஒருசேர எழுப்பிய சொல்.

கிறித்தவம் தமிழ் பேசத் தொடங்கியபோது இயேசு பெருமான் உயிர்நீத்த மரத்தைக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. வழக்கில் நிலைத்தவை இரண்டு. ஒன்று, சுரியானி மொழியின் ‘சலீபா’ என்னும் சொல்லோடு உறவுடைய ‘சிலுவை’. மற்றொன்று, போர்த்துக்கீசிய மொழியின் ‘குரூஸ்’ என்பதினின்று வந்த ‘குருசு’. கழு என்பது ஏற்கப்படவில்லை. இரண்டு தண்டனைகளும் செய்முறையில் வேறானவை என்பது உண்மையே. எனினும் இதனால் நேர்ந்த விளைவு சிந்தனைக்குரியது. சிலுவை என்ற சொல்லைக் கேட்கும் தமிழருக்கு அதில் தூக்குமேடையின் நாற்றம் வீசுவதில்லை. அச்சொல் பிறக்கும்போதே தூய்மையாகப் பிறந்துவிட்டது.

மேலை உலகில் கதை இவ்வாறு தொடங்கவில்லை. உரோமப் பேரரசில் சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி கி.மு. 71-இல் ஒடுக்கப்பட்டபோது ஆறாயிரம் பேர் ஆப்பியன் நெடுஞ்சாலை ஓரமாகச் சிலுவைகளில் தொங்கவிடப்பட்டனர். பண்புடையோர் வாய்விட்டுச் சொல்லவும் கூசிய சொல் அது. உரோமின் பாலத்தைன் குன்றில் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்துள்ளது. கழுதைத் தலையுடன் சிலுவையில் தொங்கும் ஓர் உருவம். அதன் எதிரே கைதூக்கி நிற்கும் ஒருவன். அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று கீழே ஓர் ஏளனக் குறிப்பு. ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டியதாக அதனைக் கருதுவர். கிறித்தவர்களே தங்கள் நிலவறைக் கல்லறைகளில் மீனையும் நங்கூரத்தையும் நல்லாயனையும் வரைந்தார்களேயன்றி, சிலுவையில் அறையுண்ட உடலை வரையத் துணியவில்லை. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தோடு அத்தண்டனை வழக்கொழிந்தது. உரோமிலுள்ள சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில், ஏறத்தாழ கி.பி. 430-இல்தான், பாடுபடும் கிறித்துவின் உருவம் பொதுவிடத்தில் தலைகாட்டுகிறது. கண்ணால் கண்ட தலைமுறைகள் மறைந்த பின்னரே கைகள் அதனைச் செதுக்கின.

தமிழகத்திலுள்ள மிகப் பழைய சிலுவை சென்னைப் பரங்கிமலையில் இருக்கிறது. 1547-இல் போர்த்துக்கீசியர் மலையுச்சியில் ஆலயம் எழுப்ப நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட கற்பலகை அது. நான்கு கைகளின் முனைகளும் மொட்டுப்போல் விரிந்திருக்கின்றன. மேலே ஒரு புறா இறங்குகிறது. சிலுவை படிகளின்மேல் நிற்கிறது. அடியில் இருபுறமும் இலையோ இதழோ எனத் தோன்றும் வளைவுகள். கிறித்துவின் உடல் இதில் இல்லை என்பது முதன்மையாக நோக்கத்தக்கது. இச்சிலுவையில் துன்பமே இல்லை. தளிர்க்கும் மரம் ஒன்றே இருக்கிறது.

பலகையைச் சுற்றிலும் எழுத்துகள் ஓடுகின்றன. பூலாங்குறிச்சிப் பாறையெழுத்துகளைப் பார்த்திருக்கும் பொன்னமராவதி வட்டாரத்தார்க்கு, படிக்கவியலாத எழுத்தின்முன் நிற்கும் உணர்வு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பரங்கிமலையில் போர்த்துக்கீசியர் கற்றறிந்த அந்தணர் ஒருவரை அழைத்துவந்து படிக்கச் சொன்னார்கள். அவரும் தோமையாரின் வரலாறு முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக நீண்ட பொருள் உரைத்தார். கேட்டவர்கள் விரும்பியதையே கல்லும் சொல்லிற்று! உண்மையில் அது பாரசீகத்தின் பழைய பாகலவி எழுத்து. 1873-இல் பர்னல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். 1920களின் இறுதியில் வின்க்வொர்த் தந்த வாசிப்பின்படி, அதனைச் செதுக்குவித்த அப்ராஸ் என்னும் சுரியானியன் ஒருவன் தன்மீது இரங்குமாறு கிறித்துவை வேண்டுகிறான், அவ்வளவே. பின்வந்த அறிஞர் பெயரிலும் சொற்களிலும் வேறுபடுவர். இதே வாசகம் பொறித்த சிலுவைகள் கோட்டயம் முதலிய கேரளத் தலங்களிலும் உள்ளன. கடல்கடந்து வந்தவனின் சிறு வேண்டுதல் புராணமாக வளர்ந்ததும், பின்பு மீண்டும் வேண்டுதலாகச் சுருங்கியதும் மொழியாராய்ச்சியின் சுவையான அத்தியாயங்களுள் ஒன்று. 1558 டிசம்பர் 18-ஆம் நாள் வழிபாட்டின்போது இக்கல் குருதி வியர்த்ததாகவும், 1704 வரை இது இடையிடையே நிகழ்ந்ததாகவும் குறிப்புகள் கூறுகின்றன. உடலில்லாத சிலுவையிலும் குருதியைக் காண விழைந்தது அந்த நூற்றாண்டின் பக்தி.

அந்த நூற்றாண்டு முத்துக்குளித்துறையின் நூற்றாண்டு. குதிரை வணிகரான செட்டி ஒருவர் மலையாளக் கரையினின்று லிஸ்பன் சென்று திருமுழுக்குப் பெற்று, ‘ஜோவாங் தா குருஸ்’ எனச் சிலுவையையே பெயராகச் சூடித் திரும்பினார். 1530களில் பரதவர் போர்த்துக்கீசியரின் காவலை நாடியதற்கு அவர் சொன்ன யோசனையும் ஒரு காரணம். குருஸ் என்பது அக்கடற்கரையில் குடும்பப் பெயராயிற்று. 1554-இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் தமிழ் அச்சேறிய ‘கார்த்தில்யா’ என்னும் சிறுநூலுக்கு உழைத்த தமிழர் மூவருள் ஒருவரின் பெயர் தோமா தா குருஸ். தமிழ் அச்சு வரலாற்றின் முதற்பக்கத்திலேயே சிலுவை ஓர் ஆளாக நிற்கிறது.

மணப்பாட்டின் மரபு இன்னும் நெருக்கமானது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலொன்று கரைசேர்ந்தால், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நாட்டுவதாகத் தலைவன் நேர்ந்துகொண்டான் என்றும், 1540-இல் மணப்பாட்டு மணற்குன்றில் அந்நேர்த்தியை நிறைவேற்றினான் என்றும் கூறுவர். 1581-இல் அங்கே திருச்சிலுவை ஆலயம் எழுந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 14-ஆம் நாள் வரை நடைபெறும் அதன் திருவிழாவுக்குக் கடற்கரை முழுவதும் திரளும். பாய்மரமும் குறுக்குக் கட்டையும் சேர்ந்தால் சிலுவைதானே! நாள்தோறும் அதனடியில் அமர்ந்து கடலுக்குச் செல்பவர்களுக்கு அச்சின்னத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உள்நாட்டிலோ நிலைமை வேறு. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி கண்டது, சிலுவை என்றாலே பறங்கி என்று பொருள்கொண்டிருந்த ஊரை. பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்டே அதுவரை திருமுழுக்கு அளிக்கப்பட்டு வந்தது. நொபிலி காவி உடுத்தி, புலால் நீத்து, மார்பிலணிந்த நூலில் ஒரு சிலுவையையும் கோத்துக்கொண்டார். நூலுக்குப் பொருள் ஊர் அறியும். சிலுவைக்குப் பொருளை அவர் சொல்லவேண்டும். அறிந்த அடையாளத்தோடு அறியாத அடையாளத்தை முடிச்சிடும் இந்த உத்தி அவர் திருச்சபைக்குள்ளேயே பெரும் வழக்கைக் கிளப்பியது. 1623-இல் உரோமையின் தீர்ப்பு அவர் பக்கம் சாய்ந்தது. ஆயினும் நொபிலியின் முறை, சாதியின் அடையாளத்தையும் கூடவே உள்ளே அழைத்துக்கொண்டது என்பதை மறைப்பதற்கில்லை. அதன் விலை பின்னர்த் தெரிந்தது.

சிலுவை என்னும் சொல்லில் இல்லாமற்போன வலியைத் தமிழ் வேறொரு சொல்லில் ஈடுசெய்தது. அச்சொல் ‘பாடு’. இயேசுவின் துன்பங்களைத் தமிழ்க் கிறித்தவர் ‘பாடுகள்’ என்பர். விசுவாச அறிக்கையில் அவர் ‘பாடுபட்டு’ இறந்தார். உடல் தொங்கும் சிலுவைக்குக் கத்தோலிக்க இல்லங்களில் ‘பாடுபட்ட சுரூபம்’ என்றே பெயர். வயலிலும் களத்திலும் கூலிக்கு உழைப்பவனும் பாடுபடுகிறான். வீட்டுப்பாடு, வயிற்றுப்பாடு என்று ஏழையின் நாள்முழுவதும் அச்சொல்லால் ஆனது. அருங்கலைச்சொல் எதனையும் தேடாமல், உழவன் வாயிலிருந்த சொல்லை எடுத்துக் கல்வாரி மலையில் வைத்தவர் யாராயினும் அவர் கவிஞரே. குரலெடுத்துப் பாடுதற்கும் அச்சொல்லே வினையடியாக இருப்பது இம்மொழியின் பேறு.

இச்சொல்லின் வழியே பிறந்தது ஒப்பாரி மரபோடு உறவுடைய ஓர் இலக்கியம். கோவாவிற் பிறந்து இலங்கையில் தமிழும் சிங்களமும் கற்று எழுதிய யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் கண்ணீரோடு இசைத்து வாசிக்கப்பட்டது. இழவு வீட்டில் பெண்கள் அழும் அழுகையின் இசை ஆலயத்துக்குள் நுழைந்தது. புதுக்கோட்டைச் சீமையின் ஆவூரிலும் இதன் தொடர்ச்சியைக் காணலாம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பூசே அடிகளார் நிறுவிய இத்தலத்தில் வீரமாமுனிவரும் பணியாற்றினார் என்பர். 1747-இல் எழுந்த ஆலயம் இன்றும் உள்ளது. உயிர்ப்பு விழாவை ஒட்டி அங்கு நடக்கும் பாஸ்கா நாடகமும் அதன்பின் ஓடும் தேரும் சுற்றுவட்டாரம் முழுவதும் அறிந்தவை. நாடகத்தில் சிலுவையைத் தூக்குபவன் அவ்வூர் மனிதன். அடிப்பவனும் அவ்வூர் மனிதனே.

காப்பியத்தில் சிலுவைக்கு உரிய இடத்தைத் தந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) வளனைத் தலைவனாகக் கொண்டமையால், சிலுவை அதன் நடுவே நிற்க வாய்ப்பில்லை. வைணவக் குடியிற் பிறந்து கம்பனில் ஊறி, 1858-இல் கிறித்தவரான கிருஷ்ணபிள்ளை, பனியனின் ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். பனியனில் பயணி சிலுவையின் அருகே வந்ததும் முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டுபோகிறது; சில வரிகளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி அது. கிருஷ்ணபிள்ளைக்கு அது போதவில்லை. இரட்சணிய சரிதப் படலம் என்று தனியே ஒரு படலம் வகுத்து, கைது முதல் மரணம் வரை நின்று நிதானித்துப் பாடுகிறார். அங்கே தெருவில் அழும் மக்கள், இராமன் நகர் நீங்கியபோது அழுத அயோத்தி மக்களின் உறவினர்கள். மூலத்தை விரித்தது குறை என்று கூறிய திறனாய்வாளர் உண்டு. தமிழில் அக்காட்சிக்கு அதுவரை இல்லாதிருந்த காப்பியக் கண்ணீரை அவர் கொண்டுவந்தார் என்பதே பொருத்தம்.

கிறித்தவர் அல்லாத கவிஞர்களும் இச்சின்னத்தைத் தொட்டனர். பாரதி தம் ‘யேசு கிறிஸ்து’ பாடலில் சிலுவையை உண்மையென உருவகித்து, புலன்களைத் தவத்தால் அறைவதே சிலுவைப்பாடு என்று வேதாந்தப் பொருள் காண்கிறார். அண்டையிலுள்ள சிறுகூடல்பட்டியிற் பிறந்த கண்ணதாசனின் இயேசு காவியம், அவர் மறைவுக்குப் பின் 1982-இல் வெளியாயிற்று. பாரதியின் சிலுவை அகத்தில் நிற்பது. கண்ணதாசனின் சிலுவை கதையில் நிற்பது.

தெருவில் நின்ற சிலுவையின் வரலாறு இவற்றினும் கடுமையானது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிமுடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயம் கால்சட்டை வடிவில் இரு கிளைகளாக அமைந்தது. ஒரு கிளையில் பிள்ளை, முதலியார் வகுப்பினரும், மறு கிளையில் நாடார் வகுப்பினரும் நிற்பர். இரு கிளைகளும் கூடும் முனையில் பீடம். இரு சாராரும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே சிலுவையைக் காண்பதற்காகவே தச்சுக்கணக்கு வகுக்கப்பட்ட கட்டடம் அது. 1910-இல் கௌசானல் அடிகளார் முயற்சியால் இடைச்சுவர் தகர்க்கப்பட்டது. சுவரை இழந்தோர் நீதிமன்றம் ஏறினர். ஆலயத்துக்குள் சாதிவழித் தனியிடம் கோரும் உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. கல்லறைத் தோட்டங்களில் சிலுவைக்கும் சிலுவைக்கும் நடுவே எழுந்த சுவர்கள் வேறு கதை.

1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, தலித் கத்தோலிக்கப் பெண் ஒருவர் கன்னியர் மடத்தில் சேர்ந்து வெளியேறிய வரலாற்றைத் தன் ஊர்ப்பேச்சிலேயே சொல்கிறது. பாடுபட்டவரின் பெயரால் நடக்கும் இடத்தில் பாடுபடுகிறவர்களுக்கு என்ன இடம் என்பதே அந்நூல் கேட்கும் கேள்வி. பனைமட்டையின் இருபுறமும் வாள்போல் இருக்கும் பல்வரிசைக்குக் கருக்கு என்று பெயர். அதே ஓலைக்குடும்பத்தின் இளங்குருத்தைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர் குருத்தோலை ஞாயிறன்று கையிலேந்திப் பவனி வருகின்றனர். வீடு திரும்பியதும் பெண்களும் சிறுவரும் அதனைக் கிழித்து மடித்துச் சிறு சிலுவைகள் பின்னி, நிலைப்படியிலும் படங்களின்மேலும் செருகுவர். ஓராண்டு கழித்து, காய்ந்து பழுத்த அவ்வோலைகளை ஆலயத்தில் திரட்டி எரிப்பர். விபூதிப் புதனன்று நெற்றியில் சிலுவை வரையும் சாம்பல் அதுவே.