உண்ணிக் கண்காணிப்பில் வனவிலங்குகள்

காட்டில் உண்ணிகள் எங்கே, எவ்வளவு பெருகியுள்ளன என்பதை, அவை இரத்தம் குடித்து வாழும் விலங்குகளைக் கொண்டே அனுமானிக்கும் முறை. 1957-இல் மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில், கியாசனூர் வனத்தையடுத்த கிராமங்களில் விஷக்காய்ச்சல் பரவியபோது, முசுக்களும் நாட்டுக் குரங்குகளும் திரளாக மடிந்தமை இதற்குப் பிரசித்தமான திருஷ்டாந்தமாகும். ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் உண்ணியே அந்நோயின் பிரதான வாகனம். குரங்கு இறந்ததும் அதன் உடலை விட்டு நீங்கும் உண்ணிகள் அவ்விடத்திலேயே உதிர்ந்து தங்குவதால், பிணம் கிடந்த நிலத்தில் பூச்சிக்கொல்லி தூவுவதும், துணியைத் தரையில் இழுத்து உண்ணிகளைத் திரட்டிச் சோதிப்பதும் சுகாதார இலாகாவின் வழக்கமாயின. குரங்கின் மரணம் தரும் எச்சரிக்கை செலவற்றதுதான். ஆனால் சற்றுத் தாமதமானது. ஆகவே, உண்ணியின் இளம்பருவங்கள் பற்றியிருக்கும் எலிகளையும் மூஞ்சூறுகளையும் உயிருடன் பிடித்து ஆராய்வதும் உண்டு.