பழைய மடிக்கணினியில் இயங்குதளத்தை மாற்றலாமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இதுவரை அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. பெருநகரங்களில் இது அலுவலகங்களின் கவலை. திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களில் இது வீட்டுக் கவலை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர்களைச் சென்றடைந்தன. காவிரிப் படுகையின் பல வேளாண் குடும்பங்களில் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். இன்றளவும் ஒரே கணினியாக நீடிப்பதும் அதுதான். அக்காவின் படிப்புக்காக வந்த கணினியில் தம்பி தேர்வாணைய விண்ணப்பத்தை நிரப்புகிறான். அப்பாவின் நிலத்துக்கான சிட்டா நகல் அதில் இறங்குகிறது. வங்கிக் கணக்கும் அதிலேயே திறக்கப்படுகிறது.

கணினி குறித்துச் சற்றுத் தெரிந்தவன் என்று தெருவில் பெயர் வாங்கிவிட்டதால், அந்தக் கணினிகளுடன் என்னிடம் சிலர் வருவதுண்டு. "அண்ணே, பதினொன்னு போட்டுடலாமா?" என்பதே பெரும்பாலும் அவர்களின் முதல் கேள்வி. பழுதுபார்க்கும் கடையில் அவர்களுக்கு இரண்டு பதில்கள் முன்னரே கிடைத்திருக்கும். ஒன்று, இதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குங்கள். மற்றொன்று, எப்படியாவது பதினொன்றை ஏற்றித் தருகிறோம். இரண்டுமே அவசரப்பட்ட பதில்கள் என்பது என் கருத்து.

ஆதரவு நின்றுவிட்டது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளில்லை. அது நேற்றுப் போலவே நாளையும் இயங்கும். அன்றைய தேதிக்குப் பின் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லை என்பதே பொருள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னகிரை என்ற பிணைத்தொகை நச்சுநிரல் இதற்குத் தெளிவான சான்று. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பு அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெருமளவில் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளும் நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் காவல்துறைக் கணினிகளும் அவற்றில் அடக்கம். அடைப்பு வந்தும் நிறுவாததன் விளைவு அது. அடைப்பே வராத கணினியின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்து, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய வட்டாரம் இது. பழையதைக் காப்பதே நல்லது என்று வாதிடுவது இவ்வூரில் எளிது. என்னிடமே அப்படி வாதிட்டவர்கள் உண்டு. ஆனால், மாப்பிள்ளைச் சம்பா வயலில் ஆண்டுதோறும் புதிதாக முளைக்கிறது. மழையோடும் பூச்சியோடும் பழகிக்கொள்கிறது. கைவிடப்பட்ட இயங்குதளம் அப்படிப் பழகுவதில்லை. அதைத் தாக்குபவர்கள் மட்டுமே பழகிக்கொள்கிறார்கள்.

சரி, விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாமா? அதற்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு ஆகியவை வேண்டும். இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருத்தல் வேண்டும். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் கொண்டவை. அவற்றுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. பிற்காலக் கணினிகளிலும் பல, செயலிப் பட்டியலில் அடிபட்டுப் போகின்றன. சோதனையைத் தவிர்த்து ஏற்றும் குறுக்குவழிகள் உள்ளன. கடைக்காரர் சொல்லும் "எப்படியாவது" அதுதான். தகுதியில்லாத கணினிகளுக்கு மேம்பாடுகள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே எச்சரித்திருக்கிறது. எந்த மேம்பாட்டுக்காக மாறுகிறோமோ, அதற்கே உறுதியில்லை என்றால் மாறுவதன் பயன் என்ன? உரிமத்துக்குப் பதிலாகக் கள்ளத் திறவு மென்பொருளைக் கொண்டு ஏற்றித் தருவது இதனினும் மோசம். திருடனுக்குப் பயந்து பூட்டு மாற்றுபவர், சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்வது போன்றது அது.

விண்டோஸ் 10-இலேயே சிறிது காலம் நீடிக்கவும் முறையான வழியொன்று இருக்கிறது. தனிப்பயனாளர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அடைப்புகள் கிடைக்கும். 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை இணையத்தில் காப்புநகல் எடுக்க இசைந்தால் கட்டணமின்றியே சேரலாம். கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விண்டோஸை விட்டு நகர முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்படி நகர முடியாதவர்கள் உண்டு. டேலியில் கணக்கெழுதி, மின்னணுக் கையொப்பச் சாவியைச் செருகிக் கணக்குத் தாக்கல் செய்பவருக்கு வேறு இயங்குதளத்தைப் பரிந்துரைப்பது அவர் பிழைப்பில் மண்ணைப் போடுவது. கல்யாணப் பத்திரிகை அச்சிடும் டி.டி.பி. கடைகளின் நிலையும் இதுவே. அவர்களின் இருபதாண்டு உழைப்பு பேஜ்மேக்கர் கோப்புகளிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் கிடக்கிறது. பேஜ்மேக்கரை அடோபி நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் கைவிடவில்லை. அத்தகைய கணினியை இணையத்திலிருந்து முற்றாகத் துண்டித்து, அச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சிறந்தது. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறொரு கருவி போதும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை மட்டும் நேராக அதில் செருகக் கூடாது.

மற்றவர்களுக்கு, அதாவது உலாவி, கடிதம், பாடக் காணொலி, விண்ணப்பம் என்ற அளவில் நிற்கும் பெரும்பாலோருக்கு, லினக்ஸே உகந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரசு வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம் அது. என்னிடம் வந்த கணினிகளில் பெரும்பாலானவற்றில், முதல் முறை கடைக்குப் போனபோதே அதை அழித்துவிட்டிருந்தார்கள். "அது எதுக்கு சார், இடத்தை அடைச்சுக்கிட்டு" என்பது கடைக்காரரின் விளக்கம். அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை; அதை என்ன செய்வதென்று அவருக்கோ, கணினி பெற்ற மாணவிக்கோ யாரும் சொல்லித் தரவில்லை. கேரளத்தில் 2000-களின் நடுப்பகுதியிலிருந்தே அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பழுதுபார்க்க ஓர் அரசு அமைப்பும் இருந்தன. நம் மேல்நிலை வகுப்புப் பாடநூல்களில் 2018-இல்தான் உபுண்டு இடம்பெற்றது. அதற்குள் கணினிகளில் பெரும்பகுதி வழங்கப்பட்டுவிட்டது.

லினக்ஸ் மின்ட் 22 தொகுதிக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்த அளவாக 2 ஜிபி நினைவகம் கேட்கிறது. 4 ஜிபி இருந்தால் இலகுவாக ஓடும். தமிழ் 99 விசைப்பலகை கிடைக்கிறது. ஒருங்குறித் தமிழ் எந்தத் தடையுமின்றித் தெரிகிறது. வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளைத் திறக்க அந்த எழுத்துருக்களை நிறுவிக்கொள்ளலாம். புதிதாக அவற்றில் தட்டச்சு செய்வதுதான் கடினம். மனு எழுதுவோர் இதை முன்கூட்டியே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது நலம்.

உடனே நிறுவவும் தேவையில்லை. பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி, வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி ஒத்துழைக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். என் அனுபவத்தில், மந்தமாகிவிட்டது என்று வரும் கணினிகளின் உண்மையான நோய், சுழலும் பழைய வன்தட்டு. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் சில ஆயிரம் ரூபாயில் கணினி ஆளே மாறிவிடுகிறது. எந்த இயங்குதளமாயினும் முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும். கழற்றிய வன்தட்டு பழைய கோப்புகளின் காப்புநகலாக அலமாரியில் இருக்கும்.

நம் ஊருக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள். பத்தாண்டுக் கணினியின் மின்கலம் பெரும்பாலும் செத்திருக்கும். இயங்குதளம் ஏறும் நடுவில் மின்சாரம் போனால் வட்டு பாதியில் நிற்கும். ஆகவே, இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் செய்யுங்கள். விண்டோஸ் 11-க்கான கோப்பு 5 ஜிபிக்கு மேல். கைபேசியின் ஒருநாள் இணைய அளவு அதற்குப் போதாது. புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் வேறோர் இடத்தில் வைத்த பிறகே எதையும் தொட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிரித்தபோது, ஒரே கணினியில் எல்லாவற்றையும் வைத்திருந்த வீடுகள் எதை இழந்தன என்பது இப்பகுதியினருக்கு நினைவிருக்கும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கையடக்கக் கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டியதே. அதனுடன், கணினியின் உறையிலேயே அதன் இயங்குதளத்துக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு உண்டு என்று அச்சிடட்டும். முன்னர் வழங்கிய லட்சக்கணக்கான கணினிகளுக்கு, வட்டந்தோறும் அரசுப் பாலிடெக்னிக்கிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ மாதம் ஒரு சனிக்கிழமை, மாணவர்களைக் கொண்டே இயங்குதளம் மாற்றித் தரும் முகாமை நடத்தலாம். தேவைப்படுபவை சில பென் டிரைவ்களும், தடையில்லா மின்சாரமும், பொறுப்பேற்க ஓர் ஆசிரியரும்தான்.