வாத்தியாருக்கும் ஒரு வாத்தியார்

மாதவரத்தில் குடியிருக்கும் எங்களுக்குப் புழல் ஏரி அண்டை வீடு மாதிரி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது காடலீனா என்ற பெரிய விமானங்கள் அந்த ஏரித் தண்ணீரில் இறங்கி, படகுபோல் மிதந்து, மீண்டும் கிளம்பி வங்கக் கடலைக் காவல் காத்தன. அந்த விமானிகளின் தீரத்தைப் பற்றிப் பேசப் பலர் உண்டு. அவர்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தவர்களைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. ஆகையால் நான் வாத்தியார்களின் கதையைச் சொல்கிறேன்.

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானிகளைக் கொன்றதில் ஜெர்மானியருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவன் பெயர் அரைகுறைப் படிப்பு. சில மணி நேரமே பறந்து பழகிய வாலிபர்களைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். போர்முனையில் களைத்துத் திரும்பியவர்களை வாத்தியார்களாக்கினார்கள். அந்த வாத்தியார்கள் தங்கள் மாணாக்கர்களுக்கு எதிரியின் பட்டப் பெயரையே வைத்து, 'ஹூணர்கள்' என்று அழைத்தார்களாம். அவ்வளவு பயம்!

ராபர்ட் ஸ்மித்-பாரி என்பவருக்கு இது பொறுக்கவில்லை. 1914-ல் விமான விபத்தில் கால் ஒடிந்தவர் அவர். பிரான்சில் 60-ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைவராக இருந்தபோது, புதிதாக வந்த பிள்ளைகள் வந்த சுவட்டிலேயே மடிவதைக் கண்டு மேலிடத்துக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். பிறகு இங்கிலாந்தின் தென்கரையில் காஸ்போர்ட்டில் இருந்த பயிற்சி ஸ்குவாட்ரன் அவர் பொறுப்புக்கு வந்தது.

அவர் செய்ததென்ன? விமானியின் ஆசனத்தில் மாணவனை உட்கார வைத்தார். இருவர் கைக்கும் எட்டும்படி இரட்டைப் பிடி வைத்தார். இரைச்சலில் பேச்சுக் கேட்க ஒரு குழாயும் வைத்தார். விமானம் சுழன்று விழுவது எமன் என்று அஞ்சி ஒதுங்கிய காலம் அது. அவரோ வேண்டுமென்றே சுழல விட்டு, மீளும் வழியைக் கற்பித்தார். பிறகு அந்த ஸ்குவாட்ரனே வாத்தியார்களைப் பழக்கும் பள்ளியாயிற்று.

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், நம் விமானப் படையும் அம்பாலாவில் அத்தகைய பள்ளியைத் தொடங்கியது. 1954-ல் அது நம் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்துக்கு வந்தது. தரைப்படை, கடற்படை விமானிகளும், நட்பு நாட்டவரும் அங்கே வந்து வாத்தியாராகிப் போகிறார்கள். நன்றாகப் பறக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். பறந்துகொண்டே, செய்வதை வாயால் விளக்கவும், பிறன் செய்யும் தப்பை முளையிலேயே கண்டுகொள்ளவும் புதிதாகப் படிக்க வேண்டும்.

இதில் உயிர் ஊசலாடுகிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? நம் நாட்டிலேயே செய்த ஹெச்.பி.டி.-32 என்ற பயிற்சி விமானம் பறக்கும்போதே என்ஜின் நின்று பல உயிர்களைக் குடித்தது. 2009-ல் இன்னும் இருவர் மாண்ட பிறகே அதைப் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். 2013-ல் ஸ்விட்சர்லாந்தின் பிலாட்டஸ் வந்தது.

விமானங்கள் மாறலாம், வாத்தியாரின் சங்கடம் மாறவில்லை. மாணவன் தவறும்போது அவர் எப்போது பிடியைத் தொடுவது? முந்திக்கொண்டால் பையன் ஒருநாளும் கற்றுக்கொள்ள மாட்டான். பிந்திவிட்டால் இருவருமே வீடு திரும்ப மாட்டார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சில விநாடிகள் கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்கிறாரே, அந்தப் பொறுமைக்கு எந்த யுத்தத்திலும் பதக்கம் கொடுப்பதில்லை.