ரோந்துப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து

மலேசியாவில் போலீஸ் தினம் மார்ச் 25. 1807-இல் பினாங்குக்கு நீதிச் சாசனம் வந்த நாள் அது. இந்த நாட்டுப் போலீசின் வரலாறு எங்கள் மாநிலத்தில்தான் தொடங்குகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் போலீஸ் இருந்தால் மட்டும் குற்றம் குறையாது என்பதையும் பினாங்குதான் முதலில் காட்டியது.

1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் பல நாள் பற்றி எரிந்தது. சீனரின் கீ ஹின் சங்கத்தோடு முஸ்லிம்களின் வெள்ளைக்கொடி, தோவா பெக் கோங் சங்கத்தோடு சிவப்புக்கொடி என்று சீனரும் முஸ்லிம்களும் இரண்டு அணியாகப் பிரிந்து மோதினார்கள். போலீசால் சமாளிக்க முடியவில்லை. கலவரம் அடங்கியபின் ஒவ்வொரு சங்கத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்து, அந்தப் பணத்தில் நான்கு போலீஸ் நிலையங்கள் கட்டினார்கள். ஆனால் கட்டடம் எழுந்ததோடு சங்கங்கள் ஒழிந்துவிடவில்லை. 1877-இல் சீன மொழிகள் பேசத் தெரிந்த பிக்கரிங் சீனர் பாதுகாவலராக வந்தார். அதன்பிறகுதான் அரசாங்கம் அந்த மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேச ஆரம்பித்தது.

அவசரகாலத்தில், 1952-இல், லண்டனிலிருந்து வந்த ஆர்தர் யங் போலீஸ் கமிஷனரானார். மக்களுக்குச் சேவை செய்வதே போலீஸ் வேலை என்று சொல்லி, அந்த ஆண்டு கடைசியில் அதற்காகத் தனி இயக்கமே தொடங்கினார். நல்ல எண்ணம். ஆனால் எங்கள் பக்கத்து லயங்களில் போலீஸ் வண்டியைக் கண்டால் கதவைச் சாத்தும் பழக்கம் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது.

அதை மாற்றியது ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டை அயலார் காவல் திட்டம். 1974 ஜூனில் தேசியப் போலீஸ் தலைவரையே கோலாலம்பூரில் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் தேசிய நினைவுச்சின்னத்தில் குண்டு வெடித்தது. அந்தச் சூழலில் 1975-இல் வந்த விதிப்படி, வட்டாரத்து ஆண்கள் முறைபோட்டு இரவுக் காவலுக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது.

நான் அப்போது பிறையில் தொழிற்சாலை வேலையில் இருந்தேன். புக்கிட் தெங்காவில் எங்கள் ரோந்துக் குடிசை நான்கு கம்பு, மேலே ஜிங்க் தகடு, ஒரு பலகைப் பெஞ்சு. ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் நீளமான நோட்டுதான் ரோந்துப் புத்தகம். மலாய்க்காரர், சீனர், நாங்கள் என்று கலந்துதான் குழு. டார்ச்சும் கம்பும் எடுத்துக்கொண்டு ரயில் தண்டவாளம் வரை போய்த் திரும்புவோம். நடுச்சாமத்தில் கார்ப்பரல் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திடுவார். கையெழுத்துப் போட்டதும் கிளம்பமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து எங்களோடு கோப்பி குடிப்பார்.

குற்றத்தைக் குறைத்தது அந்த உட்காருதல்தான் என்று உறுதியாகச் சொல்வேன். யார் வீட்டில் ஆள் இல்லை, எந்தப் பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுற்றுகிறான், எந்தக் கடை வாசலில் சாராயம் விற்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஒரு தடவை சைக்கிள் திருடிய பையன் கையும் களவுமாகச் சிக்கினான். அவர் அவனை அடிக்கவும் இல்லை, விலங்கு மாட்டவும் இல்லை. நேராக வீட்டுக்குக் கூட்டிப்போய் அவன் அப்பாவை எழுப்பினார். "பாக் சிக்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அந்தப் பையன் பிறகு எங்களோடு ரோந்துக்கு வந்தான். ஒரு சட்டப் புத்தகத்திலும் இல்லாத தீர்ப்பு அது. ஆனால் ஊரையும் பையனையும் தெரிந்தவருக்குத்தான் அப்படிச் செய்யத் தோன்றும்.

1980-களில் ருக்குன் தெத்தாங்கா அண்டை அயலாரின் நல்லுறவு இயக்கமாக மாறியது. கட்டாய ரோந்து போனது. தாமான் குடியிருப்புகள் எழுந்தன, வீடுகளுக்கு இரும்புக் கிராதி வந்தது, குடிசைகள் இடிந்தன. இப்போது முனையில் கேமரா இருக்கிறது. அது திருடன் முகத்தைக் காட்டும், அவன் அப்பாவை எழுப்பாது.

2012-இல் ருக்குன் தெத்தாங்காவுக்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. தன்னார்வ ரோந்துக்கு அதில் இடம் இருக்கிறது. கட்டாயம் இல்லாததால் நம் பிள்ளைகள் பெயர் கொடுப்பதில்லை. தாமானில் ரோந்துக் குழு இருந்தால் போய்ச் சேருங்கள், இல்லாவிட்டால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். நிலையத்துப் போலீஸ்காரரின் பெயரையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் உங்கள் பெயர் தெரியட்டும்.